உங்க வீட்டுக்காரர் எத்தனை நாள்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என்னால் வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. உள்ளொளி, ஆழ்மனத் தூண்டல் என்றெல்லாம் எழுத்தாளர்கள் மேடையில் சொல்வார்கள். நானும் மைக்கைச் சரிசெய்துகொண்டு சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. கீழ்த்தாடையில் மெழுகில் நட்ட பதினான்கு பொய்ப்பற்களோடு ஒரு சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். பல் டாக்டர் போன் பேச வெளியே போய்விட்டார். பற்களைச் செய்த டெக்னீஷியன், நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க வந்தவள், என் தலைக்கு மேல் நின்றுகொண்டு உத்தரவு போட்டாள்.

"கடிக்காதீங்க. பேசாதீங்க. மெழுகு நசுங்கிடும். பத்து நிமிஷம்."

பிறகு கேட்டாள்: "எழுத்தாளராமே நீங்க?"

கண்ணால் ஆமாம் என்றேன். கண்ணாலேயே கொஞ்சம் அடக்கமும் காட்டினேன்.

"குடிகாரனைப் பத்தி ஒரு கதை எழுதியிருக்கீங்க. வெயிட்டிங் ரூம்ல கிடந்த பழைய பத்திரிகைல படிச்சேன். கடைசில அவன் தண்டவாளத்துல போய்ப் படுத்துக்கறான். ஏன்?"

மெழுகு.

"குடிச்சவன்னா ஒண்ணு சாகணும், இல்லேன்னா திருந்தி மகான் ஆகணும். நடுவுல இறங்கறதுக்கு ஒரு ஸ்டாப்பிங்கே வைக்க மாட்டீங்களா?"

[பேச முடிந்திருந்தால் 'அந்தத் தண்டவாளம் ஒரு குறியீடு' என்று சொல்லியிருப்பேன். மெழுகு என் மானத்தைக் காப்பாற்றியது.]

"நான் சொல்றேன் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். வாழ்நாளில் நான் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே கதை இது. அதனால் ஓரளவு சரியாகவே இருக்கும். சரியில்லாத இடங்கள், பல் கட்டி முடித்து எனக்கு வாய் வந்த பிறகு நான் சேர்த்தவை.

2

முதல் தொடக்கம்:

'அவன் கை நடுங்கியது. கண்ணாடிக் கோப்பையில் அந்திச் சூரியன்'

இங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு பெண் தன் கதையைச் சொல்கிறாள். எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அவன்' என்று ஆரம்பிக்கிறது. முப்பது வருடப் பழக்கம். அடிமைத்தனம் பாட்டிலில் மட்டுமா இருக்கிறது?

இரண்டாம் தொடக்கம்:

'கலைந்த கூந்தலும் கலங்கிய கண்களுமாக அவள் கண்ணாடி முன் நின்றாள். மேஜைமேல், இறந்துபோன குழந்தையின் சின்னஞ்சிறு செருப்பு'

இது எனக்குப் பிடித்திருந்தது. அச்செடுத்து, அடுத்த முறை பல்லைச் சரிபார்க்கப் போனபோது அவளிடம் கொடுத்தேன். கையுறையைக் கழற்றாமலே வாங்கிப் படித்தாள்.

"எந்தக் குழந்தை?"

"அது வந்து... குடிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமில்லையா?"

"போன கதைல ஒருத்தன் குடிச்சானே, அவனுக்கு என்ன காரணம் வச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வைக்கவில்லை. சனிக்கிழமை வந்தது, குடித்தான்.

"அவனுக்கு நாக்கு போதும். எனக்கு மட்டும் ஒரு பொணம் வேணுமாக்கும்! எனக்கு ருசியா இருந்துச்சு, குடிச்சேன். அப்புறம் விட முடியல. அவ்வளவுதான். செருப்பை எடுங்க முதல்ல."

செருப்பை எடுத்தேன். "கை நடுக்கத்தையாவது வச்சுக்கட்டுமா?"

"கை நடுங்கினா பல்லு கோணும். இருபது வருஷமா என் மேஜைல இருந்து ஒரு பல்லு கோணலாப் போனதில்ல. சந்தேகம்னா கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

3

மூன்றாம் தொடக்கம், அவள் அனுமதித்தது:

அவளுக்கு வயது நாற்பத்தாறு. தனியாக இருக்கிறாள். ஒரு காலத்தில் கணவன் இருந்தான். நல்லவன், ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன், அதனாலேயே [இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை. "அவரை எதுக்கு இழுக்கறீங்க? அவர் நல்லாயிருக்காரு" என்றாள்.]

பல் மருத்துவமனையின் பின்கட்டு அறைதான் அவள் வேலையிடம். நீள மேஜை, மாவு குழைக்கும் ரப்பர் கிண்ணம், மெழுகுக் கத்தி, ஸ்பிரிட் விளக்கு. சுவர் நெடுக அலமாரி, அதில் வாய் பிளந்த தாடை அச்சுகள். வட்டாரத்தில் பாதிப் பேரின் பல்லிளிப்பு அவள் கைவசம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் 'பல்லக்கா'. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவளைப்போல் நிதானமான ஆள் அந்தக் கட்டிடத்தில் கிடையாது. ஐந்து இருபதுக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துவாள். பிறகு இரண்டாவது ஷிப்ட்.

ஒன்பது வருடம் இரண்டு ஷிப்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நடந்தன. ஒரு வியாழக்கிழமை முதல் ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. வரவேற்பு மேஜைப் பெண் தேடிக்கொண்டு போய்ப் பார்த்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். பதினோரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா கட்டிலருகே வந்தார். ஈரலைப் பற்றி ஈவிரக்கமில்லாமல் பேசக்கூடியவர்.

"அடுத்த தடவை உங்களைத் தூக்கிட்டு வந்தா நான் எழுதப்போற சர்டிபிகேட் வேற. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"தனியா நின்னா நிக்க மாட்டீங்க. உங்களைக் குறை சொல்லல, யாரும் நின்னதில்ல. உங்களை மாதிரி நாலு பேர் உட்கார்ந்து பேசற கூட்டம் ஒண்ணைத் தேடிப் பிடிங்க. சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து எட்டு வரைக்கும்தான் உங்களுக்குக் கண்டம். அந்த நேரத்துல நீங்க தனியா இருக்கக்கூடாது."

கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்தார்.

கதை அவ்வளவுதான். ஒரு பெண் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் ஓர் அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். எளிதான காரியம் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்து, நான்கே பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

4

முதல் கூட்டம் ஒரு குளிரூட்டிய அரங்கத்தில். கழுத்தில் டை, காதோரத்தில் மைக், மேடையில் ஒருவர் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருந்தார். "குடி என்பது பழக்கம் அல்ல, ஓர் எண்ணம்! எண்ணத்தை மாற்று!" பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து 'நான் ஒரு சூரியன்' என்று சொல்லச் சொன்னார். பல்லக்காவின் பக்கத்தில் இருந்தவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். தான் ஒரு சூரியன் என்று சொல்லிவிட்டு விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். முடிவில் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். உறுப்பினர் திட்டம் மூன்று வகை: வெள்ளி, தங்கம், வைரம்.

"ஒன்பது வருஷம் குடிச்சேன், ஒரு நாளும் நான் வைரம்னு எனக்குத் தோணினதில்ல" என்றாள் என்னிடம். "அவங்க என்னைவிட அதிகமாப் போட்டிருந்தாங்க."

இரண்டாவது, கம்ப்யூட்டர் வழியாக. திரையில் பதினாறு கட்டம், பதினைந்து இருட்டு. ஒருவர் மட்டும் கேமராவைப் போட்டிருந்தார். அதிலும் கூரை மின்விசிறிதான் தெரிந்தது.

"நாப்பது நிமிஷம் அந்த ஃபேன்கிட்ட என் கஷ்டத்தைச் சொன்னேன். நல்லாத்தான் கேட்டுக்கிச்சு."

சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"என் கைல ஒரு டம்ளர் இருந்துச்சு. வெறும் எலுமிச்சை ஜூஸ்தான். ஆனா அது என்னன்னு அங்க யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதுங்கறது எனக்குத் தெரிஞ்சு போச்சு. கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டேன்."

5

மூன்றாவது இடம், டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் மாடி. புதன், சனி, மாலை ஐந்தரை. ஒடுக்கமான படிக்கட்டு, அதன் தலையில் ஒரு நடை, நடையின் இருபுறமும் இரண்டு கதவுகள். இடது கதவில் 'நண்பர்கள்', அதாவது குடியை விட்டவர்கள். வலது கதவில் 'குடும்பத்தார்'.

அந்த இடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெயர் சொல்லக் கூடாது. குடியை விட்டு எத்தனை நாள் ஆயிற்றோ அதுதான் பெயர். 'நூறு நாள்' என்பார்கள், 'மூணு மாசம்' என்பார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் பெயர் 'ஏழு வருஷம்'. அதை அவர் சொல்லும்போது ஏழு வருஷமும் தனித்தனியாக எழுந்து நின்று வணக்கம் வைக்கும். எண் பெரியதாக இருந்தால் முன்வரிசை, சிறியதாக இருந்தால் கதவோரம். அகந்தையை ஒழிப்பதற்காகப் பெயரை ஒழித்தார்கள். அகந்தை எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட்டது.

பல்லக்காவுக்கு இந்த வழக்கத்தைப் பிரசுரமே சொல்லியிருந்தது. படியேறும்போதே எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். நாக்கு நுனியில் தயாராக இருந்தது எண். மேல்படியில் 'ஏழு வருஷம்' இரு கையும் விரித்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. தைரியமா வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். உங்க வீட்டுக்காரர் எத்தனை நாள்?"

கேள்வியின் முன்பாதி காதில் ஏறுவதற்குள் பின்பாதிக்குப் பதில் போய்விட்டது.

"இருபத்து மூணு."

"பிரமாதம்! வலது பக்கம் போங்க. லேடீஸ் எல்லாம் அங்கதான் இருக்காங்க."

போனாள்.

(விமரிசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: 'ஏன் அப்போதே திருத்தவில்லை? நம்பகத்தன்மை இல்லையே?' நானும் கேட்டேன். அவள் சொன்னது: "ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தர் என்னைப் பார்த்து ரெண்டு தடவை 'வாங்க'ன்னாரு. அதை உடைக்க மனசு வரல." விமரிசகர் கையை இறக்கிக்கொள்ளலாம்.)

6

வலது அறையில் பெண்களுக்குச் சொந்த எண் கிடையாது. 'ஏழு வருஷம் வீட்டம்மா', 'நாப்பது நாள் அம்மா', 'அஞ்சு மாசம் தங்கச்சி'. யார் குடிக்கிறாரோ அவருடைய எண் இவர்களுடைய நாற்காலி. 'ரெண்டு வருஷம் வீட்டம்மா' என்று முன்வரிசையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கணவன், போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கிளாஸ் போட்டுவிட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்துவிட்டாள், 'மூணு நாள் வீட்டம்மா'வாக. அவள் செய்த தப்பு, அவனுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

"உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று 'ஏழு வருஷம் வீட்டம்மா' பல்லக்காவைக் கேட்டாள். ஒல்லியான பெண்மணி, மடியில் பெரிய கைப்பை.

அந்த நிமிடத்தில் பல்லக்கா ஒரு கணவனைச் செய்யத் தொடங்கினாள். இல்லாத இடத்தில் இருப்பதுபோல் ஒன்றைச் செய்து பொருத்துவது அவள் தொழில்.

"அஞ்சு இருபதுக்கு வீட்டுக்கு வருவாரு. சமையலறை மேல்தட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடிதான் வச்சிருப்பாரு. வாரம் ஒரு தடவை காலி பாட்டிலைத் துணில சுத்தி, பையில போட்டு, வேற தெரு குப்பைத்தொட்டில போடுவாரு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாம அவர் எதையும் ஒளிச்சதில்ல."

எல்லோரும் 'ச்ச்ச்' கொட்டினார்கள். 'மூணு நாள் வீட்டம்மா' இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'ஏழு வருஷம் வீட்டம்மா' மட்டும் தொழில்முறையில் பேசினாள்: "ஷாம்பு பாட்டிலைப் பாரு. வெந்நீர்ல அஞ்சு தடவை கழுவினா நுரை வாசனை போயிடும். அதுல ஊத்தி வச்சா யாருக்கும் தெரியாது."

[முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். என் பாத்திரங்கள் எதற்கும் இந்தக் கணவனின் உயிர் இல்லை. முகச்சவரம் செய்யும்போது விசிலடிப்பானாம். யாரும் கேட்காமலேயே அவள் சேர்த்தது.]

ஐந்து கூட்டம் போனாள். கணவன் நன்றாகத் தேறினான். பெண்கள் அவனுக்குப் புத்திமதி சொல்லி அனுப்பினார்கள். அவனுக்காக ஒருத்தி மப்ளர் பின்னினாள்.

"அவருக்கு ஆறுதல் குவியுது, சார். எனக்கு ஒண்ணும் வரல. அவர் பிழைச்சுட்டு வந்தாரு. நான்தான் போயிட்டிருந்தேன்."

முப்பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. கூட்டமில்லாத நாள். ஐந்து நாற்பதுக்கு அவள் மதுக்கடை வரிசையில் நின்றாள். முன்னால் ஆறு பேர். பிறகு நான்கு பேர். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். முன்னால் இருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் இரக்கம்.

"வீட்டுக்காரருக்காம்மா? நீ ஏம்மா வரிசைல நிக்கணும்? முன்னாடி போ. டேய், வழி விடுங்கப்பா!"

நான்கு பேரும் மரியாதையாக வழி விட்டார்கள்.

"உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு" என்றாள் பல்லக்கா. "அங்க போனா வீட்டுக்காரர். இங்க வந்தாலும் வீட்டுக்காரர். ஒரு பாட்டில்கூட என் கணக்குல வாங்க விட மாட்டீங்களாடான்னு கேட்டுட்டு, திரும்பி வந்துட்டேன். அந்தக் கோபம்தான் அன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு. தியானமும் இல்ல, சூரியனும் இல்ல."

7

சனிக்கிழமை இடது கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டு ஆண்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். காகிதக் கோப்பையில் டீ.

"அம்மா, ரூம் மாறி வந்துட்டீங்க" என்றார் 'ஏழு வருஷம்'.

"அஞ்சு கூட்டமா மாறித்தான் வந்தேன். இன்னைக்குத்தான் சரியா வந்திருக்கேன். நாப்பது நாள். என்னோடது. வீட்டுக்காரர்னு ஒருத்தரும் இல்ல. அவரை நான் செஞ்சேன்."

"நீங்களா? பார்த்தா தெரியலையே!"

"உங்களைப் பார்த்தாலும்தான் தெரியல."

கதவோரத்தில் யாரோ சிரித்தான். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க. இது நாங்க மனசு விட்டுப் பேசற இடம். லேடீஸ் இருந்தா எங்க ஆளுங்க கூச்சப்படுவாங்க."

"குடிச்சுட்டு நடுரோட்டுல விழுந்தப்போ லேடீஸ் பார்க்கறாங்கன்னு கூச்சப்பட்டீங்களா?"

"அக்கா சொல்றது நியாயம்தான் சார்" என்றான் சிரித்தவன்.

"நீ ஒன்பது நாள். உட்காரு."

ஒன்பது நாள் உட்கார்ந்தது.

பிறகு அந்த அறை, தனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய்தது: தீர்மானம் போட்டது. 'பெண்மணி ஒருவரை உறுப்பினராகக் கருதலாமா என்பது குறித்து ஆராய்ந்து அறிக்கை தர மூவர் கொண்ட துணைக்குழு'. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. குழுவுக்கு ஒரு மாத அவகாசம்.

"ஒரு மாசம் நான் என்ன பண்றது? எனக்கு இன்னைக்கு சாயங்காலம் இருக்கே!"

"அதுவரைக்கும் அந்தப் பக்கமே..."

அந்தப் பக்கம் ஏற்கனவே கதவைத் திறந்துகொண்டு நடைக்கு வந்திருந்தது. எல்லாம் கேட்டாகிவிட்டது. "என் கூடப்பிறந்தவ மாதிரி நினைச்சு அழுதேனே!" என்றாள் 'மூணு நாள் வீட்டம்மா', இப்போது இருபது நாள். "நீ அந்தக் கட்சியா?" மப்ளர்க்காரி மப்ளரைத் திருப்பிக் கேட்டாள். 'ஏழு வருஷம் வீட்டம்மா' மட்டும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு அறைகளும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அந்த மாடியின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

பல்லக்கா படியிறங்கினாள். மணி ஆறு. கண்டம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம். இடது பக்கம் திரும்பினால் வீடு, வலது பக்கம் திரும்பினால் கடை. எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே கீழ்த்தளத்து டிரைவிங் ஸ்கூல் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். பாடம்: சாலைக் குறியீடுகள். எட்டு மணி வரை கவனித்தாள். இன்றுவரை அவளுக்கு வண்டி கிடையாது. ஆனால் முன்னால் குறுகிய பாலம் என்பதற்கு என்ன படம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

8

இனி முடிவு. மூன்று எழுதி, அவளிடம் காட்டினேன்.

(அ) துணைக்குழு மனம் மாறுகிறது. 'ஏழு வருஷம்' கண்ணீர் மல்க அவளை மேடைக்கு அழைக்கிறார். கைத்தட்டல். அவள் நூறு பேரைத் திருத்துகிறாள், அவளைப் பற்றி ஒரு

"நான் ஏன் நூறு பேரைத் திருத்தணும்? என்னை ஒருத்தியைப் பார்த்துக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தல" என்றாள். குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

(ஆ) மழை. ஒரு பாட்டில். சமையலறைத் தரை. வரவேற்பு மேஜைப் பெண் கதவைத் தட்டிக்கொண்டே

தாளை நான்காக மடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நகல் என்னிடம் இருந்தது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவும் கிடைத்தது.

(இ) அவள் தானே ஒரு கூட்டம் தொடங்குகிறாள். முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும். மூன்றாம் வாரம் 'ஏழு வருஷம் வீட்டம்மா' வந்து, கைப்பையிலிருந்து ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள்.

"அவர் நிறுத்தினப்புறம்தான் நான் ஆரம்பிச்சேன்" என்கிறாள். "ஏழு வருஷமா வீட்டுல அவரோட நாளை எண்ணறதைத் தவிர எனக்கு வேற வேலையே இல்ல. எண்ணிக்கிட்டே ஒரு வாய், எண்ணிக்கிட்டே ஒரு வாய்..."

"வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதா?"

"அவர் எல்லார்கிட்டயும் பேசுவாரு. என்கிட்ட எங்க மூச்சு விடற தூரத்துல வந்தாரு, வாசனை தெரியறதுக்கு?"

இதைப் படித்த பல்லக்கா, முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். எனக்குக் குஷியாகிவிட்டது. தலைவரின் ஏழு வருஷப் பெருமை ஒரே குத்தில் கிழிகிறதல்லவா?

"நல்லாயிருக்கு" என்றாள். "எடுத்துடுங்க."

"உண்மையா நடந்துச்சா?"

"நீங்கதானே எழுதினீங்க? என்னை ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, அந்தம்மா வந்தாங்களா?"

"யார் வந்தாங்க, யார் வரலேங்கறதை நான் வெளிய சொன்னா, அடுத்த வாரம் யார் வருவாங்க?"

[எடுக்கவில்லை. கற்பனை என்று எழுதிவிட்டு விட்டுவைத்திருக்கிறேன். ஒரு மனைவி ஷாம்பு பாட்டிலைப் பற்றி அத்தனை விவரமாகப் பேசினால், கதைக்காரன் மூக்கு சும்மா இருக்காது. என் மூக்கு தப்பாகவும் இருக்கலாம்.]

9

நடந்தது என்று எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான்.

நாற்பத்திரண்டாம் நாள் அவள் ஓர் அறிவிப்பு எழுதினாள். 'குடிக்கும் பெண்களுக்கு. புதன் மாலை ஐந்தரை. பல் ஆஸ்பத்திரி, பின்கட்டு அறை, பக்கவாட்டுக் கதவு. யாருடைய வீட்டம்மாவாகவும் வர வேண்டாம்.' அதை மாடியில் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒட்டினாள். மறுநாள் காணோம். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழிந்தது. மூன்றாம் தடவை, பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் பிசினை மாவாகக் குழைத்துச் சுவரில் தடவி, அதன்மேல் ஒட்டி, மேலேயும் ஒரு பூச்சுப் பூசினாள். ஆட்டுக்கால் எலும்பையே கடித்துத் தாங்குகிற பிசின் அது. 'ஏழு வருஷம்' சாவியால் சுரண்டிப் பார்த்தார், கத்தியால் சுரண்டிப் பார்த்தார். சுவர்தான் பெயர்ந்தது. இப்போது அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். காற்றடித்தால் காலண்டர் தூக்கும். துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

முதல் புதனும் இரண்டாம் புதனும் அவள் தன் மேஜையருகே இரண்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எட்டு மணி வரை தனியாக உட்கார்ந்திருந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். "என்கிட்டயே சொன்னேன், சத்தமா. அலமாரில அத்தனை வாய் இருக்கே, ஒண்ணுகூடக் குறுக்கப் பேசல" என்றாள்.

மூன்றாம் வியாழன் காலை, பல்லில் ஏதோ உறுத்துகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். பின்கட்டுக் குப்பைக்கூடையில் காகிதக் கோப்பைகள் கிடந்தன. எண்ணினேன். இரண்டு. ஒன்றின் விளிம்பில் உதட்டுச்சாயம். பல்லக்கா உதட்டுச்சாயம் போடுவதில்லை.

நான்காம் புதன் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்து இருபத்தைந்துக்குப் பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள்.

"பல்லா?"

"இல்ல. ஓரமா உட்கார்ந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க குடிப்பீங்களா?"

"எப்பவாவது... யாராவது வாங்கிக் கொடுத்தா..."

"யாருக்காக வந்திருக்கீங்க?"

"கதைக்காக" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சமயத்தில் வரவில்லை. "முடிவு வேணுமே? பத்திரிகைக்காரங்க நாளைக்குக் கேக்கறாங்க. நீ குடிக்காம இருப்பேன்னாவது ஒரு வரி..."

"குடிக்க மாட்டேன்னு எழுதினா பொய். குடிப்பேன்னு எழுதினா அது உங்க ஆசை. ரெண்டையும் எழுதாதீங்க."

"அப்ப நான் என்னதான் எழுதறது?"

"உங்களை உள்ள விடலேன்னு எழுதுங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே ஸ்டூல்கள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... அதற்குமேல் எண்ணக் கூடாது என்று நானே தெருவுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே, முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். புதன்கிழமை, ஐந்தரை. தட்டினால் திறப்பாள். யாருக்காக என்று கேட்பாள். வீட்டுக்காரருக்காக, அண்ணிக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்காக, இலக்கியத்துக்காக என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவாள். அனுபவத்தில் சொல்கிறேன். 'எனக்காக' என்ற ஒற்றைச் சொல் உங்கள் வாயிலிருந்து வருமானால் உள்ளே போங்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.